பதிலை அவர்கள் சொல்லட்டும், 'தீர்ந்தது' என்பதை நாங்கள் சொல்கிறோம்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மதுரையிலிருந்து எழுதுகிறேன். வீட்டு உபயோகப் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பதினொரு வருடம் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி என்று வருகிற புகார்களைப் பதிவு செய்வது, மெக்கானிக்கை அனுப்புவது, மேலிடத்திலிருந்து கேட்டால் பதில் எழுதுவது, இதுதான் என் வேலை. அதை விட்டு நாலு வருடம் ஆகிறது. இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும், நிறுவனங்களுக்கும், சில சமயம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் புகார் எழுதித் தருகிறேன். பதில் எழுதுகிற பக்கமும் இருந்திருக்கிறேன், புகார் எழுதுகிற பக்கமும் இருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒருவர் ஒரு நிறுவனத்தைப் பற்றி நாலு பேர் பார்க்கிற இடத்தில் புகார் சொன்னால், அதே இடத்தில் பதில் சொல்ல அந்த நிறுவனத்தை விடலாமா, கூடாதா? நுகர்வோர் நலனுக்காக உழைக்கிற நண்பர்கள் சிலர் கூடாது என்கிறார்கள். அவர்கள் சொல்கிற காரணம் எனக்குப் புரிகிறது. புகார் சொல்கிறவர் தனி ஆள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி பத்து மணிக்கு போனில் தட்டித் தட்டி எழுதுகிறார். பதில் சொல்ல வருகிறவர்களுக்கு அதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். பின்னால் வக்கீல் இருக்கிறார். நாலு வரி நயமாக எழுதிவிட்டால், பார்க்கிறவர்களுக்கு நிறுவனம் நியாயமானது போலவும், புகார் சொன்னவர் சண்டைக்காரர் போலவும் தெரியும்.

அப்படியிருந்தும் பதில் சொல்ல விட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்று சொல்ல எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர். அவரும் ஒரு உதவிப் பையனும்தான் மொத்தக் கடை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய காயில், கார்பன் பிரஷ், கப்ளர் எதுவானாலும் ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, சரிசெய்த மிக்ஸியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். 'மாத்தினேன்னு சொன்னா மாத்தினது உங்க கையில இருக்கணும்' என்பார். ஒருநாள் ஒருவர், புதுக் காயிலுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழையதையே சுற்றி மாட்டிவிட்டார் என்று கடைப் பெயரைப் போட்டு எழுதிவிட்டார். எழுதியவர் வீட்டு அடுக்களைப் பரணில் அந்தக் கவர் பிரிக்காமல் கிடந்தது. அது பிறகு தெரிந்தது. இடைப்பட்ட இரண்டு மாதம் கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தில் நின்ற குற்றச்சாட்டுக்கு வாய்வார்த்தை எப்படி ஈடாகும்? அந்தக் குற்றச்சாட்டுக்குக் கீழேயே பில்லையும் கவரையும் பற்றி இரண்டு வரி எழுத அவருக்கு இடம் இருந்திருக்க வேண்டும். நிறுவனம் என்றாலே பன்னாட்டுக் கம்பெனி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த மிக்ஸிக் கடையும் சட்டத்தின் கண்ணில் சேவை தருகிற நிறுவனம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வாசல் வழியாக வரக்கூடாது என்று சொன்னால் வராமல் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வேறு பெயரில் வருவார்கள். 'நானும் இதே பொருளைத்தான் வாங்கினேன், அருமையாக இருக்கிறது, இவர் வேண்டுமென்றே எழுதுகிறார்' என்று யாரோ ஒருவர் பெயரில் எழுதுவார்கள். விற்பனையாளர் தன்னை நுகர்வோர் என்று காட்டிக்கொண்டு கருத்து எழுதக்கூடாது என்று நீங்களே 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் எழுதி வைத்திருக்கிறீர்கள். வேடம் போட்டு வருவதைத் தடுக்கிற நீங்கள், சொந்தப் பெயரில் வந்து பேச ஒரு முறையையும் வகுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த முறைக்காக எங்கேயும் தேடி அலைய வேண்டாம். நுகர்வோர் நீதிமன்றத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, புகாரை ஏற்றுக்கொண்ட 21 நாளுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். காரணம் காட்டினால் மேலும் 15 நாள் கிடைக்கும். அவ்வளவுதான். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்த வழக்கு அது. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கும் நடந்தது. பதில் தருவது உரிமைதான், ஆனால் கெடுவுக்குள் தந்தால்தான் அது உரிமை.

மாவட்ட ஆணையத்தில் நான் பார்த்த வரையில், எதிர்த்தரப்பின் பதிலில் யார் சார்பில் யார் எழுதுகிறார் என்பது இருக்கும். கையெழுத்து இருக்கும். ஒரு நகல் புகார்தாரர் கைக்கு வரும். அதில் தவறு இருந்தால் 'இது உண்மை இல்லை' என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கு முடிந்தது என்று எதிர்த்தரப்பு தானாக அறிவித்துவிட முடியாது. அதைச் சொல்ல மேசைக்கு அந்தப் பக்கம் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நீதிமன்றத்துக்கு வெளியே வந்தால் இவற்றில் ஒன்றும் இல்லை. எங்கள் வலி அங்கேதான் தொடங்குகிறது. இதை விளக்க, நானே செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் புகாருக்கு 'கால்' என்று பெயர். 'கால்' எடுப்பதும் அதை க்ளோஸ் செய்வதும்தான் பிழைப்பு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஏரியா மேனேஜரிடமிருந்து பெண்டிங் லிஸ்ட் வரும். மூன்று நாளைத் தாண்டியவை எல்லாம் சிவப்பில் இருக்கும். சிவப்பு அதிகமானால் அந்த மாதம் சென்டருக்கு வருகிற தொகையில் வெட்டு விழும். போலியாக க்ளோஸ் செய்யக்கூடாது என்பதற்காக ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். வேலை முடிந்து வாடிக்கையாளருக்குத் திருப்தி என்றால், அவர் போனுக்கு வந்திருக்கும் நாலு இலக்க எண்ணை மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். அதற்கு 'ஹேப்பி கோட்' என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என்ன நடந்தது? மெக்கானிக் பார்ட் இல்லாமல் வெறுங்கையோடு போவார். 'அம்மா, பார்ட் ஆர்டர் போட அந்த நம்பர் வேணும், சொல்லுங்க' என்பார். அவர்களும் நம்பிச் சொல்வார்கள். கால் க்ளோஸ். வாடிக்கையாளர் மகிழ்ச்சி என்று கணினியில் பச்சை விழும். வாஷிங் மெஷின் அங்கே திறந்தபடி கிடக்கும். அப்படிக் கேட்கச் சொல்லி மெக்கானிக்குகளை அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அந்த அம்மாக்களில் சிலரின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுவாரம் போன் பண்ணி, 'ஆர்டர் போட்டாச்சா தம்பி?' என்று கோபமே இல்லாமல் கேட்பார்கள்.

போன ஏப்ரலில் அது என் வாசலுக்கே வந்தது. எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். வாங்கிப் பத்து மாதமே ஆன ஃப்ரிட்ஜில் உள்ளே லைட் எரிகிறது, கூலிங் இல்லை. வந்து பார்த்த மெக்கானிக் போர்டு போயிருக்கிறது, வாரண்டியில் மாற்றலாம், நாலு நாளில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். மதுரை ஏப்ரல் வெயில் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காலையில் அரைத்து வைத்த மாவு மதியத்துக்குள் பொங்கி, தூக்குவாளி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அக்கா மீன் கடையில் ஐஸ்கட்டி வாங்கி வந்து அண்டாவில் உடைத்துப் போட்டு, அதற்குள் தூக்குவாளிகளை இறக்கி வைத்து வியாபாரம் பார்த்தார். ஐஸுக்கே ஒரு நாளைக்கு அறுபது எழுபது ரூபாய். அப்படியும் சாயங்கால மாவு புளித்துத்தான் போனது.

ஒன்பதாவது நாள் அவர் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. படிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, எனவே புகார் முடித்துவைக்கப்பட்டது என்று இருந்தது. அக்கா போனை என் பக்கம் நீட்டி, 'தம்பி, நீயே பாரு, ஒரு மிஸ்டு காலாவது இருக்கா?' என்றார். நான் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மாவு கேட்டவர்கள், அரிசி மண்டி, அவர் மகள். அந்தச் சர்வீஸ் சென்டர் எண் ஒரு தடவைகூட இல்லை. அவர் போனை எங்கேயும் வைத்துவிட்டுப் போகிற ஆள் கிடையாது. ஆர்டர் போய்விடும் என்று மாவு ஆட்டும்போதும் இடுப்பில் செருகியிருப்பார்.

நான் 1915-இல் பதிவு செய்து கொடுத்தேன். இந்த உதவி எண்ணை நான் மதிக்கிறேன். தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம், காசு கிடையாது, வழக்குக்குப் போகும் முன்பே ஒரு வழி கிடைக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்திருக்கிறீர்கள், புகார் நேரே அவர்களிடம் போய்விடும். அக்காவின் புகாரும் போனது. நிறுவனம் பதிலும் சொன்னது. 'மேற்படி புகார் ஏற்கெனவே இன்ன தேதியில் முடிக்கப்பட்டுவிட்டது' என்பதே அந்தப் பதில், அதுவும் ஆங்கிலத்தில். பதில் வந்துவிட்டது, அதனால் அங்கேயும் கணக்கு முடிந்தது.

இதே கேள்வி உங்கள் மேசைக்கும் மிகப் பெரிய அளவில் வந்ததை நாங்கள் செய்தியில் படித்தோம். 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பற்றி 1915-க்கு 10,644 புகார்கள். அந்த ஸ்கூட்டர்கள் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகிறவை என்பதால் இங்கே பலரும் உன்னிப்பாகக் கவனித்தோம். 2024 அக்டோபரில் நீங்கள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினீர்கள். 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் பதிலோடு நீங்கள் கோப்பை மூடவில்லை, மேற்கொண்டு விசாரிக்க உத்தரவிட்டீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த 99.1 சரியா தவறா என்று சொல்ல நான் யாருமில்லை. பச்சை விழுகிற விதத்தை உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் ஒன்று மட்டும் கேட்கிறேன். 'தீர்ந்தது' என்பதை நிறுவனம் சொல்கிற வரையில், எந்தச் சதவீதத்துக்கும் என்ன அர்த்தம்?

அதே அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. சர்வீஸுக்கு வந்து குவிந்து கிடக்கும் ஸ்கூட்டர்களின் படத்தைப் போட்டு நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா கேள்வி கேட்டார். நிறுவனத் தலைவர் பவிஷ் அகர்வால், அது காசு வாங்கிக்கொண்டு போட்ட பதிவு என்கிற ரீதியில் பொதுவிலேயே பதில் சொன்னார். அந்தப் பதிலைத் தடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நிறுவனம் தன்னிடம் கேள்வி கேட்கிறவரிடம் எப்படிப் பேசுகிறது என்பதை ஊரே பார்த்தது. ஸ்கூட்டர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அதுவும் ஒரு தகவல்தான். பொதுவில் சொல்லும் பதிலால் வருகிற நன்மை இது. நான் பயப்படுவது மறைவில் சொல்லும் பதிலைப் பார்த்துத்தான்.

மறைவில் என்றால்? 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், விவரங்களைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்' என்று பொதுவில் ஒரு வரி. அதற்கப்புறம் எல்லாம் உள்ளே. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் நானே பேசியிருக்கிறேன். 'பணம் திரும்ப வரும், ஆனா முதல்ல அந்தப் புகாரை எடுத்துடுங்க.' போன வருடம் என் கடைக்கு வந்த ஒரு பையன், ஆன்லைனில் வாங்கிய போனுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் திரும்ப வர வேண்டியிருந்தது. இந்த நிபந்தனைக்குச் சம்மதித்துப் புகாரை அழித்தான். பணம் வந்தது, அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. அதே கடையில் அடுத்து வாங்கப்போகிற ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு எச்சரிக்கை அன்றைக்குக் காணாமல் போனது.

மறைவில் வருகிற இன்னொரு பதில் வக்கீல் நோட்டீஸ். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அவதூறு வழக்குத் தொடர்வோம் என்று இரண்டு பக்கம் வரும். நடந்ததை நடந்தபடி எழுதியவரும் அதைப் பார்த்ததும் நடுங்கிப் போகிறார். பொய்யாக எழுதுகிறவர் மேல் வழக்குப் போட எவருக்கும் உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புகாருக்கு ஒரு வரி பதில்கூடச் சொல்லாமல், எடுத்த எடுப்பிலேயே நோட்டீஸ் அனுப்புகிற நிறுவனத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பொதுவில் பதில் சொல்லும்போதும் ஓர் எல்லை வேண்டும். ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லைப் பற்றி ஒரு பெண்மணி புகார் எழுதினார். பதில் எழுத வந்தவர்கள் அவருக்கு என்ன நோய், எத்தனை நாள் படுத்திருந்தார், எந்த மாத்திரை சாப்பிட்டார் என்பதையெல்லாம் போட்டு உடைத்துவிட்டார்கள். அவர் கேட்டது பில்லில் இருந்த ஒரு வரியைப் பற்றி. சொந்தக்காரர்களுக்கே சொல்லாமல் வைத்திருந்த நோய் ஊருக்குத் தெரிந்துபோனது. என் கடையில் உட்கார்ந்து அவர் அழுதது பில்லுக்காக இல்லை.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

நிறுவனம் 'பதில் சொல்லலாம்' என்பதை 'பதில் சொல்லியாக வேண்டும்' என்று ஆக்குங்கள். மின்வணிக நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும், குறைதீர் அதிகாரியின் பெயரையும் பதவியையும் வெளியிட வேண்டும் என்று 2020 விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. பொருள் ஆன்லைனில் வாங்கினாலும் கடைத்தெருவில் வாங்கினாலும் அதே கெடு, அதே பெயர், அதே பொறுப்பு இருக்கட்டும். புகார் எங்கே இருக்கிறதோ அங்கேயே பதிலும் இருக்க வேண்டும். 'வாடிக்கையாளர் சேவைக் குழு' என்று முடிகிற பதிலை ஏற்காதீர்கள், கீழே ஒரு ஆளின் பெயர் வேண்டும். என்ன செய்தோம், என்றைக்குச் செய்தோம் என்று அதில் இருக்க வேண்டும். வருந்துகிறோம் என்பது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பணத்தைத் திருப்பித் தர, புகாரை அழிக்கச் சொல்வதை முறையற்ற வணிக நடைமுறை என்று அறிவியுங்கள்.

தமிழில் கொடுத்த புகாருக்குத் தமிழில் பதில் வர வேண்டும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அந்த அக்காவுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால், 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற வரியைப் பார்த்த அந்த நிமிடமே போன் பண்ணிக் கேட்டிருப்பார். என் கடைக்குக் கொண்டுவர அவருக்கு மாவு வியாபாரம் முடிந்து இரவு எட்டரை ஆகிவிட்டது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. நிறுவனத்தின் பதிலுக்குக் கீழே, புகார் கொடுத்தவர் ஒரு தடவையாவது எழுத இடம் வேண்டும். 'ஆமாம், சரிசெய்துவிட்டார்கள்' என்றோ, 'இல்லை, இது பொய்' என்றோ அவர் சொல்லட்டும். அவர் சொன்ன பிறகே முடிந்தது என்று கணக்கில் ஏற வேண்டும். அவர் சொல்லவே இல்லையென்றால் 'பதில் வந்தது, புகார்தாரர் உறுதி செய்யவில்லை' என்று தனிக் கணக்காக இருக்கட்டும். மிக்ஸிக் கடைக்காரருக்கும் இதில் நியாயம் கிடைக்கும். அவர் கவரைப் பற்றி எழுதுவார், புகார் எழுதியவர் பரணில் ஏறிப் பார்ப்பார்.

அமெரிக்காவில் வங்கி, கடன் நிறுவனங்கள் மீதான புகார்களை அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2012 முதல் பொதுவில் போட்டு வருகிறது. 2015-இலிருந்து, சம்மதிக்கிறவர்களின் புகார் அவர்கள் சொந்த வார்த்தையிலேயே வருகிறது. நிறுவனம் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும், சிக்கலானது என்றால் 60 நாள் வரை போகலாம். பொதுவில் காட்டும் பதிலை மட்டும் ஏற்கெனவே எழுதி வைத்த சில வாக்கியங்களிலிருந்து நிறுவனம் தேர்ந்தெடுத்தால் போதும். பொதுவில் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை என்ற வாக்கியமும் அதில் உண்டு. எனக்கு அதில் பாதிதான் பிடித்திருக்கிறது. கெடு வைத்ததும் கதவைத் திறந்து வைத்ததும் நல்லது. அச்சு வாக்கியம் வேண்டாம். அச்சு வாக்கியங்கள் எழுதியே பதினொரு வருடம் ஓட்டியவன் சொல்கிறேன், அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம்.

இணையத்தில் நுகர்வோர் எழுதும் விமர்சனங்களுக்காக 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டீர்கள். விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்றுதான் அது வந்தது. விருப்பப்பட்டவர்கள் எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள். விருப்பப்படாதவர்களுக்கு ஒரு விதி வேண்டும்.

அக்காவின் கதையை முடிக்கவில்லை. மறுபடி 1915-க்கு எழுதினோம். அவருடைய போனில் இருந்த அழைப்புப் பதிவுகளைப் படமெடுத்து இணைத்தேன். முப்பத்து நாலாவது நாள் போர்டு வந்தது. மாட்டிய மெக்கானிக் நல்ல பையன், தாமதத்துக்கு அவன் என்ன செய்வான். பழைய ஜாப் ஷீட்டையே திறந்து வேலையை முடித்தான். நான் பக்கத்தில் நின்று அவன் போன் திரையைப் பார்த்தேன். புகார் முடிந்த தேதி என்று ஒன்பதாவது நாளின் தேதியே இருந்தது. மாத்த முடியுமா என்று கேட்டேன். 'அது நம்ம கையில இல்லண்ணே, லாக் ஆயிடுச்சு' என்றான்.

அந்த ஒன்பது நாள் என்கிற எண் இந்நேரம் ஏதோ ஒரு சராசரிக்குள் போய் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். வந்திருந்தால், அதைத் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். முப்பத்து நாலு நாள்.

இப்படிக்கு,
முன்னாள் சர்வீஸ் சென்டர் ஊழியர் ஒருவர்,
மதுரை